டோனர் ரீஃபில், சிப் வேலை: செவ்வாய்பேட்டை மாடிக்கடை எப்படி?

ஜெராக்ஸ் கடை, டிடிபி சென்டர், வக்கீல் ஆபீஸ், ஆடிட்டர் ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் மாசம் நாலு பக்கம் பிரிண்ட் எடுக்கிறவர்கள் பிரிண்டரே வாங்க வேண்டாம். எங்களை மாதிரிக் கடைக்கு வந்து காசைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போவதுதான் உங்களுக்கு லாபம், எங்களுக்கும்.

எனக்குச் சேலம் அஸ்தம்பட்டியில் ஜெராக்ஸ் கடை. கோர்ட்டுப் பேப்பரும் காலேஜ் பிள்ளைகளின் புராஜெக்ட்டும்தான் பிழைப்பு. ஒரு நாள் காலையில் ஷட்டரைத் தூக்கி மெஷினை ஆன் செய்தால், ஸ்கேன் வசதியோடு இருக்கும் லேசர் பிரிண்டர் பிரிண்ட் எடுக்க மறுத்தது. டோனர் என்கிற மைத்தூளை அடைத்த காட்ரிட்ஜில் இருக்கும் சிப், கம்பெனி சிப் இல்லையாம். முந்தின நாள் சாயங்காலம் வரை அதே காட்ரிட்ஜில்தான் ஓடியது. டோனர் முக்கால்வாசி இருக்கிறது. ராத்திரி நாங்கள் தூங்கும்போது வைஃபை வழியாக அதுவே ஃபர்ம்வேரை, அதாவது மெஷினுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளை, புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. எதிரே வக்கீல் குமாஸ்தா மனுவைக் கையில் வைத்துக்கொண்டு வாட்ச்சைப் பார்க்கிறார். கஸ்டமர் கேரில் பேசிய பையன் ரொம்ப மரியாதையாக, ஒரிஜினல் காட்ரிட்ஜ் வாங்கிப் போடுங்க மேடம் என்றான். மூவாயிரத்துக்கு மேலே விலை. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம்.

அப்படித்தான் இந்தக் கடைக்குப் போனேன். செவ்வாய்பேட்டையில் வெள்ளிப் பட்டறைகள் இருக்கிற சந்து ஒன்றில், முதல் மாடி. போர்டு கிடையாது. "டோனர் மாடி எதுங்க" என்று கேட்டால் கீழே கொலுசுக்கு மெருகு போடுகிறவரே தலையைத் தூக்காமல் கையைக் காட்டுவார். படி ரொம்பச் செங்குத்து. பெரிய மெஷினோடு போகிறவர்கள் துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கடைக்கார அண்ணன் டைப்ரைட்டர் மெக்கானிக்காகத் தொடங்கியவர். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள் ஒவ்வொன்றாக மூடியபோது டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு மாறி, அப்படியே லேசருக்கு வந்துவிட்டார். கூட டிப்ளமோ முடித்த ஒரு பெண். காட்ரிட்ஜ் கழுவுவது, டிரம் (மைத்தூளைப் பேப்பரில் பதிக்கும் உருளை) மாற்றுவது, ஃபியூசர் (தூளைச் சூட்டில் ஒட்டவைக்கும் பகுதி) டெஃப்லான் மாற்றுவது எல்லாம் அண்ணன். சிப், ஃபர்ம்வேர், நெட்வொர்க் எல்லாம் அந்தப் பெண்.

அவள் என் காட்ரிட்ஜைக் காடாத் துணி மேல் வைத்து, ஓரத்தில் இருந்த சின்ன பிளாஸ்டிக் மூடியை ஸ்க்ரூடிரைவர் முனையால் நெம்பினாள். சுண்டுவிரல் நகம் அளவு பச்சைத் தகடு. ஒரு பக்கம் நாலு தங்க நிறப் பட்டை, மறுபக்கம் மிளகு அளவு கறுப்புப் பசை. "இதாங்க்கா உங்க மூவாயிரம் ரூவா" என்றாள். பிரிண்டர் இதனிடம் ஒரு கேள்வி கேட்கும், இது ஒரு பதில் சொல்லும். பதில் சரியாக இருந்தால்தான் டிரம் சுற்றும். ராத்திரி வந்த அப்டேட் கேள்வியை மாற்றிவிட்டது, அவ்வளவுதான். டோனர் தூளுக்கும் இந்தத் தகடுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அச்சு நன்றாக வருகிறதா என்று பார்க்கிற வேலை இதற்குக் கிடையாது. எத்தனை பக்கம் ஓடியது, யார் விற்றது என்று கணக்கு வைக்கிற வேலை மட்டும்தான்.

பழைய ஃபர்ம்வேரை யூஎஸ்பி வழியாக ஏற்றினாள். ஆட்டோ அப்டேட்டை அணைத்தாள். வைஃபையை எடுத்துவிட்டு கேபிளில் மாட்டச் சொன்னாள். ரவுட்டரில் அந்த மெஷினுக்கு வெளியே போகிற வழியை எப்படி அடைப்பது என்று என் போனிலேயே காட்டிக்கொடுத்தாள். "இனிமே கடைக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர் சொன்னா மட்டும் கேக்கும்க்கா. வெளியில இருந்து யார் சொன்னாலும் கேக்காது." ரீஃபில் 350, புதுச் சிப் 200. ஃபர்ம்வேர் வேலைக்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. எல்லா மாடலிலும் பின்னோக்கிப் போக முடியாது, சிலதில் கம்பெனி அந்த வழியையும் அடைத்துவிட்டது என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் கை வைத்தாள். அது எனக்குப் பிடித்தது.

இது என் ஒருத்தியின் தலையெழுத்து என்று நினைத்திருந்தேன். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து அண்ணனிடம் பேசிய பிறகுதான் இதற்குப் பெரிய வரலாறே இருப்பது தெரிந்தது. 2016 செப்டம்பர் 13 அன்று உலகம் முழுக்க எச்பி ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள் வேறு கம்பெனி காட்ரிட்ஜ்களை ஒரே நாளில் மறுக்க ஆரம்பித்தன. அதற்கான ஃபர்ம்வேர் மாசக்கணக்கில் முன்பே உள்ளே போய், அந்தத் தேதிக்காகக் காத்திருந்தது. இதையே முகம் தெரியாத ஒரு ஆள் செய்திருந்தால் வைரஸ் என்றிருப்போம், போலீஸ் தேடியிருக்கும். கம்பெனி செய்தபோது அதற்குப் பெயர் செக்யூரிட்டி அப்டேட். 2020 டிசம்பரில் இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் இந்த மாதிரி விவகாரத்துக்காக எச்பிக்கு ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது. 2024 ஜனவரியில் அதே கம்பெனியின் தலைமை அதிகாரி என்ரிக்கே லோரஸ் டிவி பேட்டியில், வெளிக் காட்ரிட்ஜ் வழியாக வைரஸ் வரலாம் என்று காரணம் சொன்னார். அதோடு நிற்கவில்லை. பிரிண்டிங்கைச் சந்தாவாக மாற்றுவதுதான் நீண்டகால நோக்கம் என்றும், பிரிண்டர் வாங்கிவிட்டு எங்கள் மையை வாங்காதவர் எங்களுக்கு நஷ்ட முதலீடு என்றும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். மாடு உன்னுடையது, தீவனம் மட்டும் என் கடையில்தான் என்கிற வியாபாரம்.

லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் கம்பெனியின் கதை இன்னும் பழசு. அதன் சிப்பைப் போல வேலை செய்கிற மாற்றுச் சிப் தயாரித்த ஸ்டாட்டிக் கன்ட்ரோல் என்ற கம்பெனி மேல் 2002இல் அமெரிக்காவில் கேஸ் போட்டது லெக்ஸ்மார்க். பதிப்புரிமைச் சட்டத்தில், டிஜிட்டல் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிற பிரிவைக் காட்டித்தான் கேஸ். காப்பாற்ற நினைத்த புரோகிராமின் அளவு அறுபது பைட்டுக்கும் கீழே. இந்தப் பத்தியின் முதல் வரி அதைவிடப் பெரிசு. முதலில் கீழ்க்கோர்ட் அந்த மாற்றுச் சிப்புக்குத் தடை போட்டது, 2004இல் மேல்கோர்ட் அந்தத் தடையை எடுத்தது. 2017இல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட், லெக்ஸ்மார்க் சம்பந்தப்பட்ட இன்னொரு வழக்கில், பொருளை விற்றுவிட்டால் அதன் மேல் இருந்த பேடண்ட் உரிமையும் அங்கேயே முடிந்தது என்று தீர்ப்புச் சொன்னது. நம் கடைக்கு வரும் வக்கீல்களிடம் இதைச் சொன்னால் காபி வாங்கிக்கொடுத்துக் கேட்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது 2022 ஜனவரி. சிப் தட்டுப்பாட்டில் கேனான் கம்பெனியால் தன் சொந்த டோனர் காட்ரிட்ஜுக்கே சிப் போட முடியவில்லை. சிப் இல்லாத ஒரிஜினலை அதன் சொந்த மெஷினே போலி என்று எச்சரித்தது. அந்த எச்சரிக்கையை எப்படித் தாண்டுவது என்று ஜெர்மனியில் கேனானே வாடிக்கையாளர்களுக்கு வழி சொல்லிக்கொடுத்தது. அண்ணன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நாங்க சொன்னா ஹேக்கிங், அவங்க சொன்னா கஸ்டமர் சப்போர்ட்டாம்மா என்பார்.

இன்றைக்கு எல்லோரும் வாங்குகிற இங்க் டேங்க் பிரிண்டர் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? பக்கத்தில் பாட்டில் தொங்கவிட்டு, டியூப் இழுத்து, காட்ரிட்ஜில் ஓட்டை போட்டு மை ஏற்றிய மெக்கானிக்குகளை நம் ஊரிலும் பார்த்திருப்பீர்கள். இந்தோனேஷியா மாதிரி நாடுகளில் அது பெரிய தொழிலாகவே நடந்தது. எப்சன் அதைப் பார்த்துத்தான் 2010இல் அங்கேயே முதன்முதலாகத் தொட்டி வைத்த பிரிண்டரை இறக்கியது. தெருமெக்கானிக் கண்டுபிடித்தது ஷோரூமுக்குப் போன கதை. ராயல்டி யாருக்கும் போகவில்லை.

கலர் லேசர் ஒன்று பழசாக வாங்கலாமா, கல்யாணப் பத்திரிகை வேலை வருகிறதே என்று கேட்கப் போன அன்றுதான் அந்தப் பெண் மஞ்சள் புள்ளி காட்டினாள். கலரில் எடுத்த ஒரு பக்கம். மூலையில் வெறும் வெள்ளைப் பேப்பர்தான் தெரிகிறது. கீழே பட்டறையில் ஹால்மார்க் முத்திரை பார்க்கிற லென்ஸை இரவல் வாங்கி வந்து, நீல டார்ச் அடித்து, பாருங்கக்கா என்றாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகியதும் வெள்ளைப் பரப்பில் வரிசையாகக் கறுத்த புள்ளிகள். கொஞ்சம் தள்ளி அதே வரிசை மறுபடி. நீல வெளிச்சத்தில் மஞ்சள் கறுப்பாகத் தெரியுமாம். 2005இல் இஎஃப்எஃப் என்ற அமெரிக்க அமைப்பு ஜெராக்ஸ் கம்பெனியின் டாக்குகலர் மெஷின் போடும் இந்தப் புள்ளிகளைப் படித்து வெளியிட்டது. மெஷினின் சீரியல் நம்பர், தேதி, நேரம் எல்லாம் அதில் இருக்கிறது. கள்ளநோட்டு பயத்தில் தொடங்கிய ஏற்பாடு. வாங்குகிறவனிடம் யாரும் சொல்லவில்லை. 2017இல் ரியாலிட்டி வின்னர் என்ற அமெரிக்கப் பெண் பத்திரிகைக்குக் கசியவிட்ட ரகசிய ஆவணத்திலும் புள்ளிகள் இருந்தன, மே 9, காலை 6:20 என்ற நேரத்தோடு. அவரைப் பிடிக்க அதிகாரிகளுக்கு அந்தப் புள்ளி தேவைப்படவில்லை என்பது வேறு விஷயம். அதை யார் யார் பிரிண்ட் எடுத்தார்கள் என்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்த பட்டியலில் ஆறே பேர்.

அண்ணன் டிரம்மைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "டைப்ரைட்டர்லயும் எழுத்தைப் பார்த்து மெஷினைக் கண்டுபிடிப்பாங்கம்மா. 'க' ஒரு பக்கம் தேஞ்சிருக்கும், ஒரு எழுத்து சாஞ்சு விழும். போலீஸ்காரங்களே என்கிட்ட வந்து கேட்டிருக்காங்க. ஆனா அது ஓட்டி ஓட்டித் தேஞ்சு வந்த அடையாளம். இது அப்படியா? புதுசுலயே போட்டு அனுப்பிடறான்." கறுப்பு வெள்ளை லேசரில் இந்தப் புள்ளி கிடையாது. நான் கலர் மெஷின் வாங்காததற்குப் புள்ளி காரணம் இல்லை, நாலு கலர் டோனருக்கு ஆகிற செலவுதான் காரணம். ஆனால் கடைக்கு வந்து கலரில் நோட்டீஸ் அடிக்கிற பிள்ளைகளுக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

பெரிய ஜெராக்ஸ் மெஷின் விஷயம்தான் எனக்கு உண்மையில் தூக்கிவாரிப் போட்டது. நம் ஊர்க் கடைகளில் ஓடுவது பெரும்பாலும் வெளிநாட்டு ஆபீஸில் ஓடி முடித்து, கன்டெய்னரில் வந்து, இங்கே ரீகண்டிஷன் ஆன மெஷின்கள். அதில் பலவற்றுக்குள் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. கண்ணாடி மேல் வைத்த பேப்பரின் படம் அதில் போய் உட்கார வாய்ப்பு உண்டு. 2010இல் அமெரிக்காவில் சிபிஎஸ் டிவிக்காரர்கள் பழைய மெஷின் நாலை வாங்கிப் பார்த்தபோது ஒன்றில் பஃபலோ நகர போலீஸின் பாலியல் குற்றப் பிரிவு ஆவணங்கள், இன்னொன்றில் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் நோயாளி விவரங்கள். அந்தக் காப்பீட்டு நிறுவனம் 2013இல் அமெரிக்க அரசுக்கு 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டது.

இப்போது நம் கதையைப் பாருங்கள். ஒரு நாளில் என் கண்ணாடி மேல் எத்தனை ஆதார், எத்தனை பான், எத்தனை பேங்க் பாஸ்புக்! 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலை யாருக்கும் கொடுக்காதீர்கள், முதல் எட்டு எண்ணை மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று அறிக்கை விட்டது. ரெண்டே நாளில், தப்பாகப் புரிந்துகொள்ளப்படும் என்று சொல்லி வாபஸ் வாங்கியது. அதற்கப்புறமும் லாட்ஜுக்கும் வாடகை வீட்டுக்கும் அதே முழு நகல்தான். என் மெஷின் டிஸ்க்கை அந்தப் பெண் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டி, பழைய வேலைப் பட்டியலை ஒரு தரம் காட்டிவிட்டு, முழுசாக அழித்து, நகலைச் சேமிக்காதபடி செட்டிங் மாற்றிக்கொடுத்தாள். 600 ரூபாய். இந்தக் கடையில் நான் கொடுத்த காசிலேயே உருப்படியான காசு இதுதான். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதைச் செய்ய வேண்டும். கூடவே, கடை வாட்ஸ்அப் நம்பருக்கு வருகிற ஃபைல்களையும் ராத்திரி அழித்துவிட்டுப் பூட்டுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் பாதிச் சேலமே தூங்குகிறது.

வாடிக்கையாளர் பட்டியலும் வேடிக்கையாக இருக்கும். ஏற்காட்டிலிருந்து காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, பிரிண்டரைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். மழைக்காலத்தில் மேலே சில்வர் ஓக் மரம் சாய்ந்தால் ரெண்டு நாளைக்கு நெட் வராது. அவருடைய பிரிண்டர் ஆப்பில் லாகின் செய்தால்தான் ஸ்கேன் பண்ணும். கூலிப் பட்டுவாடா ரிஜிஸ்டர் ஸ்கேன் ஆக வேண்டும், நெட் வந்தால்தான் கண்ணாடி மேல் லைட்டே ஓடுகிறது. "பேப்பர் இங்க, மெஷின் இங்க, நானும் இங்கதானே சார் இருக்கேன், எவன்கிட்ட பர்மிஷன் கேக்குது?" என்று அண்ணனிடம் சண்டைக்கே போய்விட்டார். அவருக்கு நாப்ஸ்2 என்ற இலவச ஸ்கேன் மென்பொருளைப் போட்டுக்கொடுத்தார்கள். ஆப்பே இல்லாமல் கேபிளில் ஓடியது. ஈரக்காற்றில் பேப்பர் சுருள்வதற்கு மட்டும் எந்த மென்பொருளும் இல்லை, டப்பாவில் மூடி வையுங்கள் என்று அனுப்பினார்கள்.

அப்புறம் குறைகள். சொன்ன நேரத்துக்கு வேலை முடியாது. நாளைக்கு என்றால் நாளன்னைக்கு. போனை எடுக்க மாட்டார்கள். கேட்டால்தான் பில். வைஃபையை வைத்துக்கொள்கிறேன், மொபைலிலிருந்து பிரிண்ட் கொடுக்க வசதி என்று சொன்னால் அண்ணன் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார். 2018 நவம்பரில் ஒரு ஹேக்கர், பியூடிபை என்ற யூடியூப் சேனலை டி-சீரிஸ் சேனல் முந்திவிடப் போகிறது, பியூடிபைக்கு ஆதரவு தாருங்கள் என்று உலகம் முழுக்கச் சுமார் 50,000 பிரிண்டரில் நோட்டீஸ் அடித்த கதையில் தொடங்குவார். கதை உண்மைதான், நெட்டுக்குத் திறந்துவைத்த கதவில் விளையாட்டுப் பையனும் வருவான் கம்பெனியும் வரும் என்று அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் எனக்குக் கடையைத் திறக்க வேண்டும் இல்லையா.

ரீஃபில் தரத்தைப் பற்றி நேர்மையாகச் சொன்னால்: முதல் ரெண்டு ரீஃபில் ஒரிஜினலுக்குப் பக்கத்தில் நிற்கும். மூன்றாவதில் டிரம்மும் அதைத் துடைக்கும் வைப்பர் பிளேடும் மாற்றாவிட்டால் பேப்பர் ஓரத்தில் சாம்பல் நிறம் படியும். அதையும் அண்ணனே சொல்லிவிடுவார். கம்பெனி பெட்டியில் போலி காட்ரிட்ஜ் அடைத்து விற்கிற வேலை இங்கே கிடையாது. அப்படிப் பெட்டி கேட்டு வந்த ஒருவரைப் படியிறக்கி விட்டதை நானே பார்த்தேன். போலிச் சரக்கு பற்றிக் கம்பெனிகள் புலம்புவதில் நியாயம் உண்டு. அதற்காக நான் காசு கொடுத்து வாங்கிய மெஷினை ராத்திரியில் பூட்டுவதை ஒத்துக்கொள்ள முடியாது. மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு போர்ட்டல் திறந்தது. போர்ட்டல் இருக்கிறது, சிப் பூட்டைத் தட்டிக் கேட்க ஒரு சட்டம் இல்லை. அதுவரை நமக்கு இந்த மாதிரி மாடிக்கடைதான்.

புதுசாகக் கடை போடுகிறவர்கள் என்ன மெஷின் வாங்கலாம் என்று அவர்களிடமே கேளுங்கள், கமிஷன் இல்லாமல் சொல்வார்கள். எனக்குச் சொன்னது: பழைய எச்பி 1020 நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கு. அதன் 12ஏ காட்ரிட்ஜில் சிப்பே கிடையாது, நெட்டும் கிடையாது. வாங்கினேன். மனுப் பேப்பர் எல்லாம் இப்போது அதில்தான். வேகம் கம்மி, ரெண்டு பக்க அச்சுக்குப் பேப்பரைக் கையால் திருப்பிப் போட வேண்டும், விண்டோஸ் புதுப்பித்தால் டிரைவர் கொஞ்சம் அடம் பிடிக்கும்.

அஞ்சுக்கு நாலு கொடுக்கலாம். ஒன்றைக் குறைத்தது போனை எடுக்காததற்கு. காலை பத்தரைக்கு மேல்தான் திறப்பார்கள், ஞாயிறு லீவு. போகும்போது பவர் கேபிளும் யூஎஸ்பி கேபிளும் சேர்த்து எடுத்துப் போங்கள், அங்கே இருப்பதைக் கேட்டால் அண்ணன் எரிச்சல்படுவார். காட்ரிட்ஜை மட்டும் கொண்டுபோகிறவர்கள் நியூஸ்பேப்பரில் நன்றாகச் சுற்றிக்கொள்ளுங்கள், கொட்டிய டோனரை வெந்நீரில் கழுவினால் துணியில் அப்படியே ஒட்டிவிடும், பச்சைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.